ஏரிக்கரை ஓட்டலின் லிஃப்ட் வாசல்

என் மகள் எங்களை எட்டு நாள் டூருக்கு அனுப்பினாள். சிங்கப்பூர், மலேசியா, கடைசியில் சுமத்ராத் தீவில் ஒரு பெரிய ஏரி. "அப்பா, நீங்களும் அம்மாவும் ஒரே வூட்ல ஆளுக்கொரு மூலையில குந்திக்கினு கீறீங்க. எட்டு நாள் ஒண்ணா போயிட்டு வாங்க" என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக நான் எதற்கும் அப்படித்தான். காபி வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையை எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

என் மனைவி ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். டூர் முடிந்து பெங்களூர் ஏர்போர்ட்டில் இறங்கியதும் அவள் எங்கள் ஊரான கோரமண்டலுக்குத் திரும்ப மாட்டாள். மகள் காரோடு வந்து நிற்பாள். அதில் ஏறி நேராக ஹோசூர், மகள் வீடு. அப்புறம் காலத்துக்கும் அங்கேதான். "இவரு வேணும்னா அந்த வூட்ல இருக்கட்டும். செவுத்தோட எல்லாம் என்னால குடும்பம் பண்ண முடியாது" என்று மகளிடம் சொன்னாள். நான் பக்கத்து அறையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே கேட்டேன். செவுரு என்றது என்னைத்தான். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னொரு ஷூவை எடுத்துத் துடைத்தேன்.

எங்கள் மகன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. முப்பத்துமூன்று வயது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் அவனும் தினமும் ஒரே ரயிலில் பெங்களூருக்குப் போய் வந்தவர்கள். அவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எனக்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை. நான் முன்னே வேலை செய்த தங்கச் சுரங்கம், எங்கள் மைன்ஸ், மூடின பிறகு எங்கள் ஊரில் பாதிப் பேர் பிழைப்பு இப்படித்தான், விடியும்போது ரயில் ஏறி, இருட்டின பிறகு இறங்குவோம்.

அன்றைக்குக் காலை நான் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அவன் வந்து நின்று, "அப்பா, நெஞ்சு இன்னாமோ மாதிரி கீது. நான் இன்னிக்கு லீவு போட்டுர்றேன்" என்றான். "கேஸுடா. நேத்து அத்தினி பரோட்டா துன்னா இன்னா ஆவும்? ஒரு சோடா குடிச்சுட்டு படு" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ரயிலைப் பிடிக்கிற அவசரம். பதினொரு மணிக்கு கேட்டில் நிற்கும்போது போன் வந்தது. என் மனைவி ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தபோது கட்டிலில் உடம்பு சில்லிட்டுப் போயிருந்ததாம். தூங்கறான்னு நெனச்சுத்தான் போனேன் என்று துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அவன் என்னிடம் சொன்னது அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் செவுத்தோடு வாழ முடியாது என்று போய்விடுவாள். திறந்தால், என் புள்ளைய கொன்னுட்டியேடா பாவி என்று போய்விடுவாள். எப்படியும் போகப்போகிறவளோடு ஊர் சுற்றக் கிளம்பினேன்.

சாவு வீட்டிலும் நான் அழவில்லை. கல்லறையில் மண் போடும்போதும் அழவில்லை. மூன்றாம் நாள் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். பக்கத்துக் குடியிருப்பான ஸ்கெலட்டனிலிருந்து வந்த என் மச்சினர், "இன்னா மனுஷன்யா இவரு, பாறைய ஒடச்சு ஒடச்சு பாறையாவே பூட்டாரு" என்று என் காதுபடவே சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவுதான். வராததை எங்கே போய்க் கொண்டுவருவது?

டூரில் முப்பத்திரண்டு பேர். எங்களைத் தவிர எல்லோரும் பெங்களூர்க்காரர்கள், ரிட்டையர் ஆனவர்கள், காலுக்குப் புது ஷூ. டூர் மேனேஜர் பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழர், நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு பச்சைக் கொடி. அதைத் தூக்கினால் நாங்கள் எல்லோரும் பின்னால் போக வேண்டும். பஸ் ஏறும்போது எண்ணுவார், இறங்கும்போது எண்ணுவார், சாப்பிட உட்கார்ந்தாலும் எண்ணுவார். முப்பத்திரண்டு வந்தால்தான் அவர் முகத்தில் ரத்தம் ஓடும்.

என் மனைவி எட்டு நாள் டூருக்கு இருபது புடவை எடுத்து வைத்திருந்தாள். ஹோசூருக்கும் சேர்த்துத்தான். மகனின் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிப் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். நான் பார்த்தேன். பெட்டி கனமாக இருந்தது. நான்தான் தூக்கினேன், எல்லா ஊரிலும்.

சிங்கப்பூரில் கண்ணாடிக் கூரைக்குள் ஒரு மலையைக் கட்டி, அதிலிருந்து அருவியை விழ வைத்திருந்தார்கள். எல்லோரும் "ஹா" என்றார்கள். நான் ஃபேன் எங்கே இருக்கிறது, காற்று எப்படி உள்ளே வருகிறது என்று பார்த்தேன். மேனேஜர் எங்கள் இருவரையும் அருவிக்கு முன்னால் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். "சார், கொஞ்சம் மேடம் பக்கத்துல வாங்க. இன்னும் கொஞ்சம்" என்றார். நான் ஒரு அடி வந்தேன். அவள் அரை அடி தள்ளி நின்றாள். போட்டோவில் எங்களுக்கு நடுவில் அருவி அழகாக விழுந்திருக்கிறது.

கோலாலம்பூர் பக்கத்தில் பத்துமலைக் குகைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னைப் போய் குகை பார்க்கக் கூட்டிப்போகிறார்கள் பாருங்கள்! பதினெட்டு வருஷம் தினமும் கேஜில் ஏறி, ஆயிரக்கணக்கான அடி பூமிக்குள் இறங்கி வேலை செய்தவன் நான். கேஜ் என்றால் எங்கள் மைன்ஸ் லிஃப்ட், இரும்புக் கூண்டு. அதில் ஆட்டு மந்தை மாதிரி நின்றுகொண்டு இறங்குவோம். அந்தத் தூசி இன்னும் என் நெஞ்சில்தான் இருக்கிறது, அதனால் படி ஏற முடியாமல் கீழேயே புறாக்களோடு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் குடும்பம் சபைக்குப் போகிற குடும்பம்தான், ஆனாலும் பார்க்கிறதற்கென்ன என்று அவள் மட்டும் மற்றவர்களோடு ஏறிப் போனாள்.

இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "உள்ள ஒரே ஈரமா, சில்லுனு கீது. மைன்ஸ்லயும் இப்டித்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.

அவள் என்னை ஒரு கேள்வி கேட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. என்னவாவது சொல்லியிருக்கலாம். கீழே போகப்போகச் சூடு ஏறுவதை, ஜட்டியோடு வேலை செய்ததை, எலிக்கு ரொட்டி போட்டதைச் சொல்லியிருக்கலாம். "இல்ல. சூடு" என்றேன். அவள் பாட்டிலை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். என் மேல் எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் எழுந்து பின்னால் போகவில்லை.

பினாங்கிலிருந்து சின்ன விமானத்தில் மேடான், அங்கிருந்து பஸ்ஸில் நாலைந்து மணி நேரம் மலைப்பாதை, அப்புறம் டோபா ஏரி. ஒரு காலத்தில் எரிமலை வெடித்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஏரியானதாம். கடல் மாதிரி கிடந்தது. நடுவில் ஒரு தீவு. படகில் போனோம். வீடுகளின் கூரை இரண்டு முனையும் தூக்கிக்கொண்டு, மாட்டுக் கொம்பு போல இருந்தது. அந்த ஊர் ஜனங்கள் பாதிக்கு மேல் எங்களைப் போல சபைக்காரர்கள். திரும்பின பக்கமெல்லாம் சர்ச்சு.

வயல் நடுவிலும் வீட்டு ஓரத்திலும் சின்னச் சின்ன மாளிகைகள் கட்டி, மேலே சிலுவை வைத்திருந்தார்கள். பெயிண்ட் அடித்து, டைல்ஸ் ஒட்டி, சில இடத்தில் வீட்டைவிட அதுதான் பெரிசு. என்ன அது என்று கேட்டதற்கு உள்ளூர் கைடு சொன்னதை மேனேஜர் தமிழில் சொன்னார். எல்லாம் கல்லறைகளாம். செத்தவரை முதலில் ஒரு இடத்தில் புதைப்பார்களாம். வருஷங்கள் கழித்துத் தோண்டி எலும்புகளை எடுத்துக் கழுவி, சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு விருந்து வைத்து, குடும்பத்தார் எல்லோரும் இருக்கிற இந்த மாளிகைக்குள் கொண்டுவந்து வைப்பார்களாம்.

மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். என் மனைவி ஒரு கல்லறைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். பக்கத்தில் யாரோ மிளகாய் காயவைத்திருந்தார்கள். ஒரு பெண் அந்தக் கல்லறைப் படியிலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வூட்டுக்குப் பக்கத்துலயே வெச்சுக்கினு கீறாங்க" என்றாள்.

"ம்."

"நான் ஹோசூர் போயிட்டா, புள்ள கல்லறைக்கு யாரு போவா?"

"நான் போறேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு வருஷத்துல நீங்க ஒரு வாட்டி கூட போவலியே" என்றாள். திட்டுகிற குரல் இல்லை, சும்மா சொன்னாள். அது நிஜம். எங்கள் வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் நடக்கிற தூரம்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் பூவோடு கிளம்புவாள். நான் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டிவியில் என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அங்கே போனால் அவனிடம் என்ன பேசுவது? சோடா குடிச்சியாடா என்றா?

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கீரை ஆயும் பெண்ணுக்குத் தமிழ் தெரியப்போவதில்லை. வாய் வரைக்கும் வந்தது. மேனேஜர் தூரத்தில் பச்சைக் கொடியை ஆட்டி, "சார், மேடம், படகு கிளம்புது, சீக்கிரம், பேகா பேகா" என்று கூப்பிட்டார். நாங்கள் போனோம்.

மறுநாள் காலை. அங்கே அதுதான் கடைசி நாள். டிபன் சாப்பிட்டுவிட்டுப் பெட்டிகளை எல்லாம் பஸ்ஸில் ஏற்றியாயிற்று. என் மாத்திரை டப்பாவை பாத்ரூமில் விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. "இரு, வந்துர்றேன்" என்று அவளைக் கீழே வராந்தாவில் விட்டுவிட்டு, லிஃப்டில் ஏறி ஐந்தாம் மாடிக்குப் போனேன். டப்பாவை எடுத்து ஜோபியில் போடும்போது காலுக்கடியில் உறுமியது.

காது கேட்பதற்கு முன்னால் என் பாதத்துக்குத் தெரிந்துவிட்டது. பிறகுதான் கண்ணாடி நடுங்கியது, குழாயடி பக்கெட்டில் தண்ணீர் தளும்பி வெளியே கொட்டியது, கட்டில் தானாக ஒரு முழம் நகர்ந்தது.

எங்கள் ஊரில் இதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பேர். பூமிக்குள் பாறை பாரம் தாங்காமல் வெடிக்கும். மைன்ஸ் ஓடின காலத்தில் மேலே தெருவில் அலமாரிப் பாத்திரம் உருண்டு விழும், சுவரில் விரிசல் விடும். எங்கள் ஊர்க்காரன் எவனும் அதற்காக வீட்டை விட்டு ஓடியதில்லை. உள்ளே வேலை செய்கிறவனுக்கு ஷிஃப்ட் பாஸ் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒன்றுதான்: ஓடாதே. கெட்டியான இடமாகப் பார்த்து முதுகைச் சாய்த்துக் குந்து. இரண்டாவது அடி வரும், அதற்குக் காத்திரு. காற்றுக் குழாயைத் தட்டிக்கொண்டே இரு, ஆள் தேடி வரும்வரை எழுந்திருக்காதே.

நான் பாத்ரூம் நிலைப்படியில் முதுகைச் சாய்த்துக் குந்தினேன். வெளியே காரிடாரில் ஜனங்கள் கத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. "ஓடாதீங்கடா, அறிவு கெட்டவங்களே" என்று தமிழிலேயே கத்தினேன். யார் கேட்கப்போகிறார்கள்? ப்ளாஸ்டிக் மக்கு உதவாது என்று, ஓட்டலில் பல் விளக்க வைத்திருந்த ஸ்டீல் டம்ளரை எடுத்துத் தண்ணீர்க் குழாயில் தட்டினேன். மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு மூன்று தட்டு.

பயம் வரவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். அவள் கீழே பத்திரமாக இருக்கிறாள், வெளியே திறந்த இடம், பிரச்சினை இல்லை என்று கணக்குப் போட்டேன். இரண்டாவது அடி வந்தது. சின்னது. நான் நினைத்தபடியே வந்ததில் ஒரு திருப்திகூட இருந்தது. மேலேயிருந்து சிமெண்ட் தூள் கொட்டியது. தட்டிக்கொண்டே இருந்தேன்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஹெல்மெட் போட்ட ஓட்டல் ஆள் ஒருவர் சத்தம் கேட்டு வந்து கதவைத் திறந்தார். டம்ளரும் கையுமாகக் குந்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அவர் பாஷையில் என்னவோ கத்தினார். "அவுட், அவுட்" என்று கையைப் பிடித்து இழுத்தார். ஆள் வந்தாயிற்று, இனி எழுந்திருக்கலாம் என்று எழுந்தேன். லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். படி வழியாக இறங்கினோம். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினேன். அவர் பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

கீழே படி முடிகிற இடத்தில் எங்கள் மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து நின்றார். கொடி எங்கேயோ விழுந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அழாத குறைதான்.

"சார்! அப்பாடா, வந்தீங்களே. எல்லாரும் வெளிய புல்வெளியில இருக்காங்க. முப்பது பேர எண்ணிட்டேன். மேடம் மட்டும் வரவே மாட்டேங்கறாங்க சார். அரை மணியா கெஞ்சறேன், கைய புடிச்சு இழுத்துப் பாத்துட்டேன். லிஃப்ட் வாசல்லயே நிக்கறாங்க. கரண்ட்டே இல்ல, லிஃப்ட் வராது மேடம்னு சொன்னா, 'கேஜ் வரட்டும், எங்க வூட்டுக்காரரு இன்னும் மேல வரல'ன்னு அதையே சொல்றாங்க. சார் மேல அஞ்சாவது மாடியில இருக்காரு மேடம், கீழதான் வரணும்னு சொன்னா காதுலயே வாங்கல சார்."

நான் அவர் தோளைத் தாண்டிப் பார்த்தேன்.

விளக்கு அணைந்த லிஃப்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்து, மூடின கதவையே பார்த்துக்கொண்டு. காலடியில் கூரையிலிருந்து விழுந்த சில்லு.

ஏர் பிளாஸ்ட் வந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் அழமாட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு சுரங்க வாசலான ஷாஃப்ட் கேட்டுக்கு நடப்பார்கள். கேட்டுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்று, கேஜ் மேலே வரும் ஒவ்வொரு தடவையும் இறங்குகிற முகங்களைப் பார்ப்பார்கள். தன் ஆள் வந்துவிட்டால் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி அடுப்பைப் பற்றவைப்பார்கள். கடைசிக் கேஜ் காலியாக வரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பதினெட்டு வருஷத்தில் அவள் எத்தனை தடவை அப்படி நின்றிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே இருந்தவன். மேலே வந்ததும் அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன், வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும்.

நான் படி வழியாக வந்ததால் அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் போய், "ஏம்மா" என்றேன்.

திரும்பினாள். ஒரு நிமிஷம் கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் என் நெஞ்சில் ஓங்கி ஓங்கி அடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்மேல் கை வைத்ததில்லை.

"இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க இம்மா நேரம்? எல்லாரும் வந்தாச்சு, நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"குந்திக்கினு இருந்தேன். ரெண்டாவது அடி வர்ற வரைக்கும்."

அவள் கை நின்றது. "வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு. சின்னது."

"பைப்பு தட்னீங்களா?"

"தட்னேன்."

தலையை ஆட்டினாள். மேனேஜர் எங்கள் இருவரையும் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சார், ப்ளீஸ், வெளிய போய் பேசலாம், பில்டிங்கு விழுந்துரப் போகுது" என்று இருவர் கையையும் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே கொண்டுபோனார்.

புல்வெளியில் எல்லோரும் கும்பலாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓரமாக ஏரியைப் பார்த்து உட்கார்ந்தோம். ஏரியில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"உங்களுக்கு நின்ன மாதிரி அவனுக்கு ஒரு எடத்துல போயி நிக்க முடியலியேங்க" என்றாள். "மார்க்கெட்லேந்து வர்றேன், எல்லாம் முடிஞ்சு கீது. எங்க போயி நிக்கறது? எந்தக் கதவப் பாத்து நிக்கறது? அரை மணி நேரம் நிக்கக் குடுத்து வெச்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்."

இனி இதற்கு மேல் எதைக் காப்பாற்றப்போகிறேன்? அவளைப் பார்க்காமல், ஏரியைப் பார்த்தே சொன்னேன்.

"அவன் என்கிட்ட சொன்னாம்மா. அன்னிக்கு காலைல. நெஞ்சு இன்னாமோ மாதிரி கீதுன்னான். கேஸுடா, சோடா குடின்னுட்டு நான் ரயிலுக்குப் போயிட்டேன்."

 அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போவாள் என்று நினைத்தேன். அவள் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கைப்பிடி சேர்ந்ததும் கீழே போட்டுவிட்டு மறுபடி பிடுங்கினாள்.

"என்கிட்டயும் சொன்னான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க போயி பத்து நிமிஷம் இருக்கும். சமையக்கட்டுக்கு வந்து சொன்னான். நானும் கேஸுன்னுதாங்க சொன்னேன். ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்தேன். குடிச்சுட்டு படு, மீன் வாங்கிக்கினு வந்துர்றேன்னேன். அவன் தூங்கல. முழிச்சுக்கினுதான் இருந்தான். சீக்கிரம் வாம்மான்னான்." அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "போனவளுக்கு அங்க ரெண்டு பேரு பேச்சு குடுத்தாங்க. நின்னு பேசினேன். எல்லார்கிட்டயும் தூங்கினான்னு சொல்லிட்டேன். உங்களுக்கு மட்டும் எப்பிடியோ தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். அதான் என் மூஞ்சியப் பாத்து நீங்க பேசறதில்லன்னு நெனச்சேன். எத்தினி நாளைக்குங்க அப்பிடி ஒருத்தர் முன்னாடி சோறு போட்டுக்கினு நிக்கறது? அதான் பூடலாம்னு இருந்தேன்."

இரண்டு வருஷம். ஒரே வீடு. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். நான் அவளைப் பார்க்காதது என் குற்றத்தால். அவள் அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஐயோ, என்னடா பண்ணித் தொலைத்தேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

மறுபடி ஆடியது. "வருதும்மா, எழுந்திருக்காத" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைப் புல்லில் வைத்துப் பார்த்தேன். நன்றாக ஆடியது. தோள், தாடை, எல்லாம் ஆடியது. தண்ணீரைப் பார்த்தேன், அது அசையாமல் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் யாரும் ஓடவில்லை.

அவள் என் முதுகில் கையை வைத்தாள். "தரை இல்லீங்க" என்றாள். "நீங்கதான்."

அவள் பையில் போன் அடித்தது. மகள். செய்தியில் பார்த்திருப்பாள். என் மனைவி ஒரு கையை என் முதுகிலிருந்து எடுக்காமல் இன்னொரு கையால் போனைக் காதில் வைத்தாள்.

"நல்லாத்தான் கீறோம். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல... அப்பாவா? பக்கத்துலதான் கீறாரு. இப்ப குடுக்க முடியாது. அழுதுக்கினு கீறாரு... இல்ல, பயத்துல இல்ல. நீ வையி. நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு வா. ஹோசூருக்கு வேணாம், வண்டிய வூட்டுக்கே வுடு."